தோலும் தண்ணீரும்

கூலி கேட்டு நின்ற உமுகோரோவுக்குத் தோலும் தண்ணீரும் போதும் என்று எகுவோனோ தீர்ப்புச் சொன்ன அன்று, எக்ரோதா ஊரில் அவளை மிஞ்சிய கெட்டிக்காரி கிடையாது என்று பதின்மூன்று பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவள் ஒருத்தி இருந்தாள். அவள் இஜைத்தா.

அவன் வேலைக்கு வந்தது பதினைந்து பெண்கள் சேர்ந்து கட்டிய கொட்டகைக்கு. அதுவரை ஒவ்வொருத்தியும் ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தேய்த்து, கிழங்கோடு விரல் முட்டியையும் சேர்த்துத் துருவிக்கொண்டிருந்தாள். இப்போது துருவுவதற்கு டீசல் மெஷின் வந்துவிட்டது. துருவியதைச் சாக்கில் கட்டி அடுக்கி, மேலே பலகை போட்டுத் திருகிப் பிழிய இரும்பு ஜாக்கியும் வந்துவிட்டது. மூன்று நாள் அங்கே புளித்து வடிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்து, பெரிய இரும்புத் தட்டில் சிவப்புப் பாமாயில் விட்டு வறுத்தால் காரி. அந்த ஊருக்குச் சோறும் அதுதான், சந்தைச் சரக்கும் அதுதான். மெஷினை ஓட்டவும் ஜாக்கியைத் திருகவும் ஓர் ஆம்பிளை வேண்டியிருந்தது. எகுவோனோ தன் புருஷனின் தம்பி உமுகோரோவைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

அந்தப் பதினைந்து பேர் சங்கத்துக்குத் தலைவி அவள்தான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். யாராவது ஒரு யோசனை சொன்னால், அது தனக்கு முதலில் தோன்றாத குற்றத்துக்காகவே அதை மிதிப்பாள்.

“கூலியா? கிழங்குத் தோல் அத்தனையும் எடுத்துக்கோ. ஆட்டுக்குப் போடு, வித்துக்கோ, என்னமும் பண்ணு. ஜாக்கியில பிழியுற தண்ணி சும்மா மண்ணுலதான போவுது. அதையும் நீயே வெச்சுக்கோ. அடியில படியுற மாவு ராத்திரிக்கு ஒரு வாய்க்காவது ஆகும்” என்றாள்.

உமுகோரோ தலையைச் சொறிந்தான். பிறகு, “அண்ணி சொன்னா சரிதான்” என்றான்.

இஜைத்தா எழுந்தாள். குச்சி போல இருப்பாள். தலைவி தேர்தலில் எகுவோனோவிடம் இரண்டே ஓட்டில் தோற்றவள். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை.

“தோலைக் குடுங்க, வேணாங்கல. தண்ணியைக் குடுக்காதீங்க. மாவு தண்ணியிலதான போவுது. அவனுக்கு ஒழுங்கா ஒரு கூலியப் பேசி விட்டுருங்க.”

“அடியில கெடக்குற ஒரு கரண்டி மாவுக்காக மாசாமாசம் காசு அழச் சொல்றியா? உன் மண்டைக்குள்ளயும் அந்த ஒரு கரண்டிதான் இருக்கு போல.”

பெண்கள் சிரித்தார்கள். இஜைத்தா உட்கார்ந்துவிட்டாள். ஆனால் உட்காரும்போது, “தண்ணி அவனோடதுன்னா தண்ணி பெருகத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். யோமா என்பவள் அதைக் கேட்டு இன்னொரு முறை சிரித்தாள். யோமாவுக்குத் தலைவி பக்கம் நின்று சிரிப்பதுதான் தொழில், காரி வறுப்பது உபதொழில்.

தண்ணீர் பெருகியது. முதல் மாதம் உமுகோரோ வந்து, கிழங்கைத் துருவும்போது இரண்டு குடம் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் மெஷினின் பல் தேய்ந்துவிடும் என்றான். மெஷினைப் பற்றி எகுவோனோவுக்கு என்ன தெரியும். விடச் சொன்னாள். அடுத்த மாதம், சாக்கு நெருக்கமாக நெய்திருப்பதால் சீக்கிரம் வடிய மாட்டேன் என்கிறது என்று சொல்லி, கண் பெரிதாக இருக்கும் சாக்குகளை அவனே வாங்கிவந்தான். அதற்கடுத்து ஜாக்கிக்குப் பின்னால் ஒரு குழி வெட்டிச் சிமெண்டு பூசி, தகரத்தால் மூடி வைத்தான். கூலியே வாங்காதவன் சொந்தக் காசில் சிமெண்டு வாங்குகிறான் என்றால் யாருக்காவது உறுத்தியிருக்க வேண்டும். ஒருத்திக்கும் உறுத்தவில்லை. தண்ணீர் தேங்கிக் கொசு வராமல் இருக்கத்தான் என்று அவன் சொன்னதை எகுவோனோ நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள்.

பெருமைக்கு வேறு காரணமும் இருந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை சந்தை கூடும். அந்தச் சாயங்காலம் உமுகோரோவின் பெண்டாட்டி வாழையிலையில் பொதிந்த ஒரு மாவு உருண்டையை எகுவோனோ வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். முதலில் அது ஒரு கைப்பிடி இருந்தது. போகப்போக ஒரு தேங்காய் அளவுக்கு வந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டுப் பாமாயில் விட்டு, அடுப்பில் வைத்துக் கிண்டக் கிண்ட இழுபடும் மஞ்சள் களியாகிவிடும். கருவாடு போட்ட செம்பனைப் பழக் குழம்பில் தோய்த்து விழுங்கினால் தொண்டையில் தானாக இறங்கும். அவள் புருஷன் தொபோரே விரலை நக்கிக்கொண்டே, “என் தம்பிக்கு அண்ணன் வீட்டு மேல எவ்வளவு பாசம் பாத்தியா” என்பான். எகுவோனோ அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். உருண்டை பெரிதாகப் பெரிதாகத் தன் மதிப்பும் பெருகுகிறது என்று நினைத்தாள். அந்த வீட்டில் காரி சாப்பிட்டே மாதக்கணக்கில் ஆயிற்று. அதனால், தன் கையால் வறுக்கும் காரி எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

லாகோஸிலிருந்து எட்டு நாளைக்கு ஒருமுறை லாரியோடு வருபவள் அபேக்கே அம்மா. ஊர்ச் சரக்கு முழுவதையும் அவள்தான் எடுப்பாள். அவள் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். அதில் இரண்டு விரல் உயரத்துக்குக் காரி போட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவாள். மாவுள்ள காரி தண்ணீரைக் குடித்து உப்பி, கிளாஸின் கழுத்துவரை ஏறி நிற்கும். மாவைக் கழுவி எடுத்துவிட்டுச் சக்கையை வறுத்திருந்தால் போட்ட இடத்திலேயே மணலாகக் கிடக்கும். மாவைத் தனியாக விற்று, சக்கையைக் காரி என்று விற்பதைவிடக் கேவலமான திருட்டு அந்தப் பக்கத்தில் கிடையாது.

ஏழாம் மாதத்தில் ஒரு சந்தை அன்று அவள் கைக்கு முதலில் அகப்பட்டது நீல நாடா கட்டிய சாக்கு. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற நாடா. எகுவோனோவுக்குச் சிவப்பு. நீலம் இஜைத்தாவுடையது.

காரி அடியில் படுத்துக் கிடந்தது. அபேக்கே அம்மா கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“இதுல மாவு எங்க? சக்கையை வறுத்து என் தலையில கட்டுறீங்களா?”

“நீலம். யாரோடதுன்னு எல்லாரும் பாத்துக்கங்க” என்றாள் எகுவோனோ. குரல் சந்தையின் அந்தக் கோடிவரை போயிற்று. “பிழிஞ்சதை வீட்டுக்குக் கொண்டுபோயி, மறுபடி கரைச்சு, மாவை வடிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை வறுத்துக் கொண்டாந்திருக்கா.”

இஜைத்தாவின் முகம் செத்துவிட்டது. “நான் கரைக்கல. கொட்டகையில குடுத்ததை அப்படியே வறுத்தேன். அம்மா, மத்த சாக்கையும் பாருங்க. என்னோடதை மட்டும் பாத்துட்டு விடாதீங்க.”

அபேக்கே அம்மாவின் கை அடுத்த சாக்கின் பக்கம் போனது. எகுவோனோ குறுக்கே வந்து நின்றாள்.

“மாட்டிக்கிட்டவ கூட்டாளி தேடுறா அம்மா. நீங்க ஏன் உங்க நேரத்தைக் கெடுத்துக்கணும்? அவ சாக்கை எறக்கிப் போட்டுட்டு மிச்சத்தை ஏத்துங்க. இனிமே இவ எங்க சங்கத்துல இல்ல.”

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சரக்கு ஏறியது. ஏன் அந்தக் கையைத் தடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தன் கழுத்தருகே வந்தவளைச் சந்தை நடுவில் நிற்க வைத்தது இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பை அவள் மறைக்கவும் இல்லை.

இஜைத்தா பழையபடி தகரத்துக்குப் போனாள். சாக்கின் மேல் கல்லை அடுக்கிக் கயிற்றால் இறுக்கித் தன் முற்றத்திலேயே பிழிந்தாள். அவள் வீட்டைத் தாண்டும்போது பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். யோமா ஒருநாள் அந்தக் கற்களை எட்டி உதைத்து, “தெரியாம கால் பட்டுருச்சு” என்றாள். இஜைத்தா கற்களை மறுபடி அடுக்கினாள்.

எட்டாம் நாள் அபேக்கே அம்மா லாரியிலிருந்து இறங்கியபோது வணக்கமே சொல்லவில்லை. கிளாஸைத்தான் முதலில் எடுத்தாள்.

“போன லோடை லாகோஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. கஞ்சிக்குக்கூட ஆகாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. இன்னிக்கு ஒவ்வொரு சாக்கையும் பாப்பேன். எவளும் குறுக்க வரக்கூடாது.”

பச்சை நாடா, மஞ்சள் நாடா, கட்டம் போட்ட நாடா. ஒன்றும் உப்பவில்லை. கடைசியில் சிவப்பு. எகுவோனோ தன் இரண்டு சாக்கையும் தானே அவிழ்த்துவிட்டாள், அவ்வளவு நம்பிக்கை. காரி அடியில் கிடந்தது. தண்ணீர் மேலே தெளிவாக நின்றது. பதின்மூன்று பேரும் கிளாஸைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் மரத்தடியில் இஜைத்தா அரைச் சாக்குக் காரியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அபேக்கே அம்மா நேராக அங்கே போய் ஒரு கை அள்ளிக் கிளாஸில் போட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உப்பி உப்பிக் கிளாஸின் வாயைத் தொட்டது.

“எட்டு நாள் தர்றேன். மறுபடி இப்படியே இருந்தா லாரி அடுத்த ஊருக்குப் போயிடும். அப்புறம் அந்த மெஷினை வெச்சு நீங்க முடி வெட்டிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, இஜைத்தாவின் அரைச் சாக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள்.

இஜைத்தாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எட்டு நாள் மூக்கைப் பொத்தியதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று யோமாவுக்குத் தோன்றியது. “நம்ம காரியில இருந்த மாவு எப்படி அவ காரிக்குப் போச்சு? கையால எடுக்கல. அப்ப எதால எடுத்தா?” என்று கேட்டாள். ஒருத்திக்கு முதுகு சில்லிட்டது. இன்னொருத்தி சிலுவைக் குறி போட்டாள். சந்தை கலைவதற்குள் இஜைத்தா திருடி என்ற நிலையிலிருந்து சூனியக்காரி என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டாள்.

எகுவோனோ அங்கே நிற்கவில்லை. வெயிலில் நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். தன் சாக்கைத் தானே வறுத்தாள். தன் வீட்டில் யாரும் கரைக்கவில்லை. அப்படியென்றால் மாவு வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே போயிருக்கிறது.

உமுகோரோ ஜாக்கியில் அடுக்கியிருந்த சாக்குகளின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சாக்கின் பெரிய கண்கள் வழியாகப் பால் போல வழிந்து குழிக்கு ஓடியது.

“என்னடா பண்ற?”

“புளிப்பு போகக் கழுவுறேன் அண்ணி.”

அவள் குழியின் தகரத்தைக் காலால் தள்ளினாள். உள்ளே முழங்கால் ஆழத்துக்கு வெள்ளையாக மாவு படிந்திருந்தது. ஒரு பக்கம் வெட்டி எடுத்த தடம். அந்தத் தடத்தைப் பார்த்ததும் தன் வீட்டு வாழையிலை ஞாபகம் வந்தது.

“இவ்வளவும் எங்க சாக்குலேருந்தா?”

“என் தண்ணியிலேருந்து.”

“ஒரு வாய் மாவுன்னுதான்டா சொன்னேன்.”

“வாயளவு, கையளவுன்னு எதுவும் பேசலியே. தோலும் தண்ணியும்னு பதினஞ்சு பேரு முன்னாடி பேசுனீங்க.” அவன் வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. “கூலி குடுத்திருந்தீங்கன்னா நான் ஏன் தண்ணியைப் பாக்கப்போறேன்? எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு. தண்ணிதான் கூலின்னா, கூலி கொறையாம நான்தான பாத்துக்கணும்.”

“ஊரைக் கூட்டிச் சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க. சந்தைக்குச் சந்தை உங்க வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்துச்சே, அதையும் சேத்துச் சொல்லுங்க. நீங்க மறந்துட்டா நான் எடுத்துக் குடுக்குறேன்.”

அவன் குரலைத் தாழ்த்தினான். கெஞ்சுகிறவன் குரல் அல்ல அது. வியாபாரம் பேசுகிறவன் குரல்.

“லாரி நின்னா என் குழியும் காஞ்சிடும் அண்ணி. எட்டு நாளைக்கு ஒரு சொட்டு விடமாட்டேன். பழைய சாக்கை மாட்டுறேன். காரி உப்பும், அந்தம்மா ஏத்திக்கிட்டுப் போவும். அப்புறம் பாத்துப் பதமா விட்டுக்குறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம். அதான் ஏற்கெனவே ஒருத்தி மேல பழி இருக்குதே. அது பாட்டுக்கு அங்கயே கெடக்கட்டும்.”

அவள் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. தகரத்தை இழுத்து மறுபடி குழியின் மேல் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூடியது அவள் கைதான். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

அந்த எட்டு நாளில் யோமா ஒரு போதகரைக் கூட்டிவந்தாள். அவர் வெள்ளை அங்கியோடு கொட்டகையை மூன்று முறை சுற்றி, மெஷினுக்கும் ஜாக்கிக்கும் புட்டியிலிருந்து தண்ணீர் தெளித்து, ஒரு பெண்ணின் பொறாமை இங்கே படுத்திருக்கிறது என்று சொன்னார். எகுவோனோ தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னாள். உமுகோரோவும் சொன்னான், எல்லோரையும்விடச் சத்தமாக.

அடுத்த லாரி வந்தது. பச்சை உப்பியது. மஞ்சள் உப்பியது. சிவப்பு உப்பியது. அபேக்கே அம்மா கிளாஸைக் கழுவிக் கழுவி மாய்ந்துபோனாள். “இதுதான் எக்ரோதா காரி” என்று அவள் சொன்னபோது பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். எகுவோனோவும் கைதட்டினாள். அதோடு முடிந்திருந்தால் முடிந்திருக்கும்.

இஜைத்தா தன் சாக்கோடு மரத்தடியில்தான் இருந்தாள். யோமா முதலில் போனாள், மற்றவர்கள் பின்னால்.

“போதகர் தெளிச்சாரு, கட்டு அறுந்துச்சு. இப்ப என்ன சொல்ற? எங்க மாவைத் தின்ன வாயால சொல்லு.”

“நான் எதையும் தின்னல.”

“பொழுது சாயறதுக்குள்ள உன் மூட்டையைக் கட்டு. உன் அப்பன் ஊருக்குப் போ. இல்லன்னா நாங்களே உன் கூரையைப் பிரிப்போம்.”

யாரோ அவள் சாக்கைக் கவிழ்த்தார்கள். காரி மண்ணில் கொட்டியது. யோமா, லாரிப் பக்கமிருந்து எடுத்துவந்திருந்த அபேக்கே அம்மாவின் கிளாஸை அப்படியே அவள் தலையில் ஊற்றினாள். ஊறி உப்பிய காரி கட்டிகட்டியாக நெற்றியில் வழிந்து கண்ணிமையில் தங்கியது. இஜைத்தா அதைத் துடைக்கவில்லை. யோமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எகுவோனோவைத்தான் பார்த்தாள்.

எகுவோனோவுக்கு அவள் மேல் இரக்கம் பொங்கிவந்தது என்று சொன்னால் பொய். அந்தக் குச்சி உடம்பையும் அந்தப் பார்வையையும் அவள் அப்போதும் வெறுத்தாள். ஆனால் கூரையைப் பிரிப்பார்கள் என்பது தெரியும். சூனியக்காரி என்று பேர் எடுத்தவளுக்கு அப்பன் ஊரிலும் கதவு திறக்காது என்பதும் தெரியும். இவளைத் திருடி என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். அது இவ்வளவு தூரம் நடந்து போகும் என்று நினைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அசிங்கமாக இருந்தது. அவள் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அவளை விடுங்க. அவ சூனியமும் வைக்கல, ஒரு மண்ணும் திருடல.”

“அக்கா, நீங்கதான...” என்றாள் யோமா.

“வாயை மூடு. மாவை எடுத்தது உமுகோரோ. துருவும்போது தண்ணி, பிழியும்போது தண்ணி. அத்தனை மாவும் அந்தக் குழியில கெடந்துச்சு. எட்டு நாளா அவன் தண்ணி விடல, அதான் இன்னிக்கு உப்புது. போதகர் தெளிச்சதால இல்ல. அந்தத் தண்ணியை அவனுக்குக் குடுத்தது நான். இவ வேணாம்னு சொன்னா. நான் கேக்கல.”

அபேக்கே அம்மா லாரிப் பலகையிலிருந்து கீழே இறங்கினாள். இரண்டு பெண்கள் கொட்டகைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி மாவு ஒட்டி வெளுத்த தன் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

எகுவோனோ மூச்சு விட்டாள். கஷ்டமானது முடிந்துவிட்டது என்று நினைத்தாள். தப்பை ஒத்துக்கொண்டவளை என்ன செய்துவிடுவார்கள்.

அப்போதுதான் இஜைத்தா இடுப்புத் துணியின் முனையால் முகத்தைத் துடைத்தாள். நிதானமாக, இரண்டு கண்ணையும்.

“என்னிக்குத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

“போன லாரி வந்த அன்னிக்கு.”

“எட்டு நாளா தெரியும். போதகர் என் பேரைச் சொல்லாம என்னைச் சொன்னப்பவும் தெரியும்.”

எகுவோனோ அவள் கண்ணைப் பார்க்காமல் மண்ணில் கொட்டிய காரியைப் பார்த்தாள்.

“சந்தைக்குச் சந்தை உமுகோரோ பொண்டாட்டி வாழையிலைப் பொட்டலம் கொண்டாந்து குடுப்பா. என் வீட்டைத் தாண்டித்தான் போவா. அதுல என்ன இருந்துச்சு?”

பதின்மூன்று தலைகள் திரும்பின. எகுவோனோவிடம் பதில் இருந்தது. கொழுந்தன் பாசத்தில் கொடுத்தது, ஒரு வாய்தான் என்று நினைத்தேன், அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. எல்லாம் உண்மைதான். எதையும் சொல்ல முடியவில்லை.

“மாவு” என்றாள்.

“எவ்வளவு நாளா தின்னீங்க?”

“ஏழு மாசமா.”

“நல்லா இருந்துச்சா?”

இஜைத்தா குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் குழம்பு எப்படி வந்தது என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள். எகுவோனோ சுற்றிலும் பார்த்தாள். யோமாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இருந்துச்சு” என்றாள்.

அவள் கூட்டுக் கள்ளி இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் நம்பவில்லை. கொழுந்தனும் அண்ணியும் பேசிவைத்துக்கொண்டு தின்றார்கள், பங்கு பிரிப்பதில் சண்டை வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றுதான் ஊர் பேசியது. உமுகோரோ அதை மறுக்கவில்லை. மறுத்தால் அவன் தனியாக அல்லவா நிற்க வேண்டும்.

இஜைத்தா தலைவியானாள். தலையில் காரி ஊற்றிய கையை உயர்த்தி யோமா முதல் ஓட்டுப் போட்டாள். வெளியூர் ஆள் ஒருவனுக்குக் கூலி பேசி மெஷினில் நிறுத்தினார்கள். குழியை மண் போட்டு மூடினார்கள். ஜாக்கிக்கு அடியில் அவரவர் சாக்குக்கு அவரவர் பாத்திரம் வைக்க வேண்டும், சொட்டுகிற தண்ணீர் சாக்குக்காரிக்கே சொந்தம் என்று இஜைத்தா சட்டம் போட்டாள். எகுவோனோவைச் சங்கத்திலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அவள் எதிரில் நின்று சண்டையாவது போட்டிருப்பாள். வரிசையில் கடைசி இடம் அவளுக்கு. அவள் வந்தால் பேச்சு நிற்கும், அவள் போனால் தொடரும். அவள் கிண்ணத்தில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று மட்டும் ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

லாரி ஏற்றாமல் விட்டுப்போன அந்தச் சாக்குகளை மற்றவர்கள் கோழிக்கும் பன்றிக்கும் கொட்டினார்கள். எகுவோனோ தன் இரண்டு சாக்கையும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். பன்றிக்குப் போட அவளுக்குக் கை வரவில்லை, விற்கவும் முடியாது. தின்பதுதான் ஒரே வழி. நல்ல காரி ஒரு குவளை போட்டு வெந்நீர் விட்டுக் கிண்டினால் இரண்டு பேர் வயிறு நிறையும். இது மூன்று குவளை போட்டாலும் சட்டியின் அடியில்தான் கிடந்தது. தொபோரே குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டு, விரலை நக்காமல், வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“இன்னும் பசிக்குது” என்பான்.

அவள் எழுந்து போய்ச் சிவப்பு நாடாவை அவிழ்த்து, இன்னும் ஒரு குவளை அள்ளிக்கொண்டு வந்து போடுவாள்.